தீர்ப்பு வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்

ஒளிப்படக் கலைஞர் ஒருவர் தன் படத்தைச் சக கலைஞரிடம் நீட்டும்போது உண்மையில் எதைக் கேட்கிறார்? கல்யாண வீட்டுப் படத்துக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. இரு வீட்டாருக்கும் பிடித்திருந்தால் வேலை முடிந்தது. செய்திப் படத்தை ஆசிரியர் பார்த்து எடுத்துக்கொள்வார் அல்லது ஒதுக்குவார். விளம்பரப் படத்தின் தரத்தைச் சரக்கின் விற்பனை சொல்லிவிடும். கலைக்காக எடுக்கப்படும் படத்துக்கு மட்டும் அப்படி வெளியிலிருந்து வரும் அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு சுவரில் விழுந்த மாலை வெயிலையோ ஆளில்லாத பேருந்து நிறுத்தத்தையோ எடுத்தவருக்கு, அதை ஏன் எடுத்தோம் என்பது தெரியும். அந்தக் காரணம் படத்துக்குள் வந்து சேர்ந்ததா என்பதுதான் தெரியாது. எடுத்த இடத்தின் வெக்கை, காத்திருந்த நேரம், காதில் விழுந்த சத்தம் எல்லாம் நினைவில் இருப்பதால், படத்தில் இல்லாததையும் சேர்த்தே அவர் பார்க்கிறார். இன்னொரு கண் தேவைப்படுவது அதனால்தான். ஆனால் அந்தக் கண்ணிடமிருந்து வழக்கமாகக் கிடைப்பது ‘அருமை’ என்ற ஒரு சொல், இல்லாவிட்டால் ஒரு மதிப்பெண். இரண்டுமே தீர்ப்புகள். ஒளிப்படச் சங்கங்களின் நூற்றெழுபது ஆண்டு வரலாற்றையும், கருத்துரை பெறுவது குறித்து நடந்த ஆய்வுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், சக கலைஞரின் தீர்ப்பால் பெரும்பாலும் பயனில்லை, சில வேளைகளில் அது தீங்கும் செய்கிறது என்று தெரிகிறது. அவர் படத்தில் கண்டதைக் கண்டபடி சொல்லும் சொல்தான் கலைஞரை வளர்த்திருக்கிறது. நம் ஒளிப்படக் கழகங்களும் பயிலரங்குகளும் இந்த வேறுபாட்டை இன்னும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒளிப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அதைப் பயில்வோர் கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். 1853இல் லண்டனிலும் 1854இல் பாரிஸிலும் சங்கங்கள் அமைந்தன. இந்தியாவும் பின்தங்கவில்லை. 1854இல் பம்பாயிலும் 1856இல் கல்கத்தாவிலும் மதராஸிலும் சங்கங்கள் தோன்றின. மதராஸ் சங்கத்துக்கு முன்கையெடுத்தவர், 1850இல் அங்கே கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். அக்காலச் சங்கங்களின் பேச்சில் பெரும்பகுதி செய்முறை பற்றியது: எந்த ரசாயனம், எவ்வளவு நேரம், வெயில் நாட்டில் காகித நெகட்டிவைக் காப்பாற்றுவது எப்படி. கம்பெனிப் படை அதிகாரியான லின்னேயஸ் டிரைப் 1855ஆம் ஆண்டு மதராஸ் பொருட்காட்சியில் தம் கோயில் படங்களை வைத்தார். காகிதத்தில் அமைந்த காட்சிப் படங்களில் சிறந்த தொகுதி அதுவே என்று நடுவர் குழு தேர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் மதராஸ் அரசாங்கத்தின் ஒளிப்படக்காரர் ஆனார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்நாளைய நெகட்டிவில் வானம் வெறுமையாகவே விழும் என்பதால், மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்க்கவும் செய்தார். இந்த மாதிரி விஷயங்களில் சக தொழிலாளரின் தீர்ப்பு முழுக்கச் செல்லுபடியாகும். நெகட்டிவ் கறுத்துவிட்டதா, ஒட்டு தெரிகிறதா, ஃபோகஸ் விழுந்ததா என்ற கேள்விகளுக்குச் சரி, தவறு என்ற விடை உண்டு. அந்த விடை சொல்லும் தோரணையையே கலைக் கேள்விக்கும் நீட்டியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

சிக்கல் தொடங்க அதிக காலம் பிடிக்கவில்லை. அதே 1858இல் இங்கிலாந்தின் ஹென்றி பீச் ராபின்சன், சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணையும் சூழ்ந்திருக்கும் குடும்பத்தையும் காட்டும் படத்தை ஐந்து நெகட்டிவ்களை இணைத்து உருவாக்கினார். இத்தகைய துயரம் ஒளிப்படத்துக்கு ஏற்ற பொருள்தானா என்று ஒரு தரப்பு வெகுண்டது. ஒட்டிச் சேர்த்த படம் உண்மையான படமாகுமா என்றும் கேள்வி எழுந்தது. பி.எச். எமர்சன் 1889இல் எழுதிய நூலில் கண் பார்க்கிறபடியே படம் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார். இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் தம் கொள்கை இறந்துவிட்டதாகத் தாமே பிரசுரம் வெளியிட்டார். 1892இல் ராபின்சனும் வேறு சிலரும் பழைய சங்கத்திலிருந்து விலகி ‘லிங்க்ட் ரிங்’ என்ற வட்டத்தை அமைத்தார்கள். அவர்கள் தொடங்கிய ஆண்டுக் கண்காட்சிக்குச் ‘சலோன்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் கழகங்கள் நடத்தும் சலோன் போட்டிகளுக்கு மூதாதை அதுதான். இந்தக் காலத்துச் சண்டைகளைத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்புப் படத்தின் முன் நின்று, அதில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே அது இருக்கலாமா என்று தீர்ப்பளித்தது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் நியூயார்க்கில் நடந்தது. ஒளிப்படக் கருத்துரை வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் சம்பவம் இது. ஆல்ஃபிரெட் ஸ்டீக்ளிட்ஸ் 1902இல் தொடங்கிய இயக்கமும், 1903 முதல் 1917 வரை நடத்திய ‘கேமரா வொர்க்’ இதழும், ஐந்தாம் அவென்யூவில் 291ஆம் எண் கட்டடத்தில் வைத்திருந்த சிறு காட்சிக்கூடமும் ஒளிப்படத்தைக் கலையாக நிலைநாட்டியவை. பள்ளி மாணவனாக அந்தக் கூடத்துக்கு முதன்முதலில் அழைத்துச் செல்லப்பட்ட பால் ஸ்டிராண்ட், பின்னர் தம் பிரிண்ட்களை எடுத்துக்கொண்டு அவ்வப்போது அங்கே போகலானார். அப்போது எல்லாரையும் போல ஸ்டிராண்டும் மென்மையாக மங்க வைக்கும் லென்ஸைப் பயன்படுத்தி வந்தார். ஸ்டீக்ளிட்ஸ் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இந்த லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கரைத்துவிடுகிறது, புல்லும் தண்ணீரும் மரப்பட்டையும் தத்தம் தன்மையை இழந்து ஒன்றுபோலவே தெரிகின்றன என்ற பொருளில் சொன்னதாக ஸ்டிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தச் சொல்லின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். படம் நன்றாக இருக்கிறது, இல்லை என்ற பேச்சே இதில் இல்லை. இன்ன லென்ஸை வாங்கு என்ற கட்டளையும் இல்லை. படத்தில் புல் எப்படித் தெரிகிறது, தண்ணீர் எப்படித் தெரிகிறது என்பதை அவர் அப்படியே சொன்னார். முடிவெடுக்கும் வேலை ஸ்டிராண்டிடமே விடப்பட்டது. 1915இல் வால் ஸ்ட்ரீட் கட்டடத்தின் கரிய ஜன்னல்களுக்குக் கீழே எறும்பு வரிசையாக மனிதர்கள் நடக்கும் படத்தை அவர் எடுத்தார். மறு ஆண்டு கிண்ணங்களையும் திண்ணை நிழல்களையும் கொண்டு உருவச் சோதனைகள் செய்தார். 1916இல் அதே கூடத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வந்தன. ‘கேமரா வொர்க்’கின் கடைசி இதழ் முழுவதும் அவருக்கே ஒதுக்கப்பட்டது.

இப்போது தீர்ப்பின் வரலாற்றுக்கு வருவோம். 1955இலும் 1956இலும் ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000க்கு மேற்பட்ட படங்கள் எடுத்து, அவற்றில் 83ஐ மட்டும் தேர்ந்து ‘அமெரிக்கர்கள்’ என்ற நூலாக்கினார். 1958இல் பாரிஸிலும் 1959இல் நியூயார்க்கிலும் அது வெளிவந்தது. 1960இல் ‘பாப்புலர் ஃபோட்டோகிராஃபி’ இதழில் ஒளிப்படத் துறையினரே சேர்ந்து அந்நூலை மதிப்பிட்டபோது பெரும்பாலோர் அதைக் கடுமையாகச் சாடினார்கள். மங்கல், திப்பித் திப்பியான தோற்றம், சாய்ந்த அடிவானம் என்பவை அவர்கள் கண்ட குறைகள். 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்கள் வைக்கப்பட்டபோது, எல்லாம் சர்வ சாதாரணம், சலிப்பு என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2006இல் இணையத்தில், தேறாத படங்களை வாக்களித்து நீக்கும் ஒரு குழுவில், கார்ட்டியே-ப்ரெஸோன் 1932இல் ஈயேர் ஊரில் எடுத்த மிதிவண்டிப் படத்தை ஒருவர் பெயர் சொல்லாமல் போட்டார். மிதிவண்டிக்காரர் மங்கலாக இருக்கிறார் என்பது முதலான காரணங்களைச் சொல்லிப் படத்தை நீக்கிவிட்டார்கள். இந்த மூன்றையும் விமர்சகர்களின் குருட்டுத்தனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். உற்றுப் பார்த்தால் இவர்கள் யாரும் குருடர்கள் அல்லர். ஃபிராங்கின் அடிவானம் உண்மையிலேயே சாய்ந்துதான் இருந்தது. எகிள்ஸ்டன் எடுத்த பொருட்கள் உண்மையிலேயே சாதாரணமானவைதான். மிதிவண்டிக்காரர் மங்கலாகத்தான் இருக்கிறார். அவர்கள் கண்டது சரி, அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் தவறு. ஈயேர் படத்தை, தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு விவரிக்கச் சொன்னால் ஒருவர் என்ன சொல்வார்? மாடிப்படியின் இரும்புக் கைப்பிடி வளைந்து இறங்குகிறது, கண்ணும் அதோடு சேர்ந்து இறங்கிச் சாலைக்கு வருகிறது, கல்லும் இரும்பும் அசையாமல் கூர்மையாக நிற்க அந்த மனிதர் மட்டும் கடந்துபோய்க்கொண்டே இருக்கிறார் என்பார். மங்கல் என்று குறை சொன்ன அதே விஷயம் விவரிப்பில் படத்தின் உயிராகிவிடுகிறது.

எதிர்ப்பு ஒன்று உடனே எழும். ஃபிராங்க், எகிள்ஸ்டன் போன்றோர் விதிவிலக்குகள், ஒரு ஃபிராங்குக்கு ஆயிரம் பேர் வெறும் கைப்பிசகால் அடிவானத்தைச் சாய்த்து வைத்திருப்பார்கள், அவர்களைக் கண்டிக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பாலான படங்களைப் பொறுத்தவரை நடுவரின் தீர்ப்பு சரியாகவே இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பு சரியாக இருக்கும்போதும் அது எதையும் கற்பிப்பதில்லை என்பதே என் பதில். ‘அடிவானம் சாய்ந்திருக்கிறது, தரையிலிருப்பவர்கள் சறுக்கி விழுவதுபோலத் தோன்றுகிறது’ என்று ஒருவர் சொன்னால், கைப்பிசகாகச் சாய்த்தவர் பிழையை உணர்ந்துகொள்வார், வேண்டுமென்றே சாய்த்தவர் தாம் நினைத்தது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அறிந்துகொள்வார். ஒரே வாக்கியம் இருவருக்கும் உதவுகிறது. ‘பத்துக்கு நான்கு’ என்ற தீர்ப்பு இருவருக்குமே உதவாது.

ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. ஆவ்ரஹம் குளுகரும் ஏஞ்செலோ டினிசியும் 1996இல் வெளியிட்ட புகழ்பெற்ற தொகுப்பாய்வு, கருத்துரை பெறுவதால் செயல்திறன் எப்படி மாறுகிறது என்பதை 600க்கு மேற்பட்ட அளவீடுகளைக் கொண்டு ஆராய்ந்தது. சராசரியாகப் பார்த்தால் கருத்துரை நன்மையே செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் கருத்துரை பெற்ற பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பத் திரும்ப, பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கலை பற்றியவை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் ‘நீங்கள் பெரிய கலைஞர்’ என்ற புகழுரையும் ‘உங்களுக்கு இது வராது’ என்ற பழிப்பும் ஏன் ஒரே விதமாகப் பயனற்றுப் போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. கலைக்கே நேரடியாகப் பொருந்துவது தெரசா அமபிலி 1979இல் வெளியிட்ட சோதனை. ஒட்டுப்படம் செய்யச் சொல்லப்பட்டவர்களில், தம் வேலை மதிப்பிடப்படும் என்று முன்கூட்டியே அறிந்தவர்களின் படைப்பூக்கம் பொதுவாகக் குறைந்திருந்தது. பிறர் கருத்து நம் கருத்தை எப்படி இழுத்துச் செல்கிறது என்பதற்கு 2006இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் நடத்திய சோதனை சான்று. அறியப்படாத 48 பாடல்களை 14,000க்கு மேற்பட்டோர் கேட்டார்கள். பிறர் எதை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்தபோது, ஒரே பாடல் ஒரு குழுவில் உச்சிக்கும் இன்னொரு குழுவில் அடிமட்டத்துக்கும் போனது. மிகச் சிறந்தவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன, நடுவிலிருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்று இருந்தது. கைபேசித் திரையில் படத்துக்குக் கீழே விழும் விருப்பக் குறிகளும், கழகக் கூட்டத்தில் மூத்தவர் முதலில் வாயைத் திறப்பதும் செய்வது இதையேதான்.

இனி நம் சலோன் முறையைப் பார்க்கலாம். உள்ளூர்க் கழகப் போட்டி முதல் சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற போட்டி வரை பொது நடைமுறை ஒன்றுதான். பொதுவாக மூன்று நடுவர்கள் அமர்ந்திருக்க, படம் திரையில் சில நொடிகள் நிற்கும், ஆளுக்கொரு மதிப்பெண் விழும், கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் படம் ஏற்கப்படும். ஏற்கப்பட்ட படங்களின் எண்ணிக்கை சேரச் சேரப் பெயருக்குப் பின்னால் பட்டம் சேரும். சில நொடிகளில் தேர வேண்டிய படம் சில நொடிகளில் புரிகிற படமாகத்தான் இருக்க முடியும். அதனால்தான் பின்னொளியில் புழுதி கிளப்பும் ஆட்டுமந்தை, விடியலில் விரியும் மீனவர் வலை, சுருக்கம் விழுந்த முதியவர் முகம், சேற்றைச் சிதறடிக்கும் காளை என்று ஒரே படம் நூறு பெயர்களில் வந்துகொண்டிருக்கிறது. எடுப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எதற்கு மதிப்பெண் விழுகிறதோ அதை எடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஜப்பானில் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. 1950 முதல் ‘கேமரா’ இதழின் மாதாந்தர வாசகர் போட்டிக்கு நடுவராக இருந்த டோமொன் கென், ஜோடனையற்ற நேரடிப் படம் வேண்டும் என்று வற்புறுத்தினார். போருக்குப் பிந்தைய ஜப்பானை முகத்துக்கு நேராகப் பார்க்கச் சொன்ன உயர்ந்த நோக்கம் அது. அவர் கையால் தேர்வு பெற விரும்பிய அமெச்சூர்கள் தெருவோர ஏழைகளைத் தேடித் தேடி எடுக்கப்போக, ‘பிச்சைக்காரப் படங்கள்’ என்ற பழிச்சொல் அந்த இயக்கத்தின் மேல் விழுந்தது. டோமொன் பெருங்கலைஞர், அவர் ரசனையில் பழுதில்லை. ஒரே ஒரு ரசனை தீர்ப்பாக நின்றால், அது எவ்வளவு உயர்ந்த ரசனையாக இருந்தாலும் விளைவு இப்படித்தான் ஆகும்.

சலோனுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்ல வேண்டும். காட்சிக்கூடம் இல்லாத, கலைக் கல்லூரியின் வாசலை மிதித்திராத சிற்றூர்க்காரர் ஒருவர் உலகத்தோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ள இந்தப் போட்டிகள் பல ஆண்டுகளாக வழி திறந்து வைத்திருக்கின்றன. சாதி, பணம், ஆங்கிலம் எதையும் கேட்காமல் படத்தை மட்டும் பார்க்கும் அரங்கு நம் நாட்டில் எளிதில் கிடைப்பதல்ல. கூர்மை, ஒளியளவு, கட்டமைப்பு ஆகிய அடிப்படைகளைச் சலோனில் பழகியவர்கள் நன்றாகவே கற்கிறார்கள். அந்த அளவில் அதன் பணி பெரியது, அதை ஒழிக்க வேண்டியதில்லை. செய்முறைப் பள்ளியாக இருக்கும் வரை அதற்கு மதிப்பெண் பொருந்தும். கலைக் கேள்விக்கு விடை தருவதாக அதை நம்பும்போதுதான் பிழை நேர்கிறது.

வேறு வழி இருந்ததா என்றால், பக்கத்திலேயே இருந்தது. கொழும்பில் 1900இல் பிறந்த லயனல் வெண்ட், லண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று திரும்பியவர். முப்பதுகளில் கேமராவைத் தீவிரமாகக் கையிலெடுத்து, இலங்கை ஒளிப்படச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1938இல் லண்டனில் அவர் படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஓவியர் ஜார்ஜ் கீற் உள்ளிட்டோர் சேர்ந்த ‘43 குழு’ 1943இல் உருவானது அவர் வீட்டில்தான். மறு ஆண்டே அவர் காலமானார். மனித உடலையும் தென்னந்தோப்பின் ஒளியையும் அவர் எடுத்த விதத்திலும், நெகட்டிவைத் தலைகீழாக்கும் இருட்டறைச் சோதனைகளிலும், ஓவியர்களோடும் இசைக்காரர்களோடும் பழகிய கண் தெரிகிறது. சக கலைஞர் என்றால் சக ஒளிப்படக்காரராக மட்டுமே இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த வட்டம் காட்டுகிறது. எந்த லென்ஸ் என்று ஓவியர் கேட்கமாட்டார், கறுப்பு ஏன் இந்த ஓரத்தில் கனக்கிறது என்று கேட்பார். சிறு வட்டங்களுக்கும் நோய் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. அவை சீக்கிரமே ஒருவரின் தர்பாராகிவிடும். ஸ்டீக்ளிட்ஸின் வட்டமே அப்படித்தான் ஆயிற்று. கிளாரன்ஸ் ஒயிட் உட்பட நெருங்கிய தோழர்கள் பலர் அவரை விட்டு விலகினார்கள். விலகிய ஒயிட் 1914இல் நியூயார்க்கில் தொடங்கிய பள்ளியில்தான் மார்கரெட் போர்க்-ஒயிட் போன்றோர் படித்தார்கள். வட்டம் சிறியதாக இருப்பது நல்லது, ஒரே வட்டமாக இருப்பது நல்லதல்ல.

கருத்துரையே வேண்டாம், உண்மைக் கலைஞன் தனியே வளர்வான் என்பது இன்னொரு எதிர்ப்பு. அதற்கு இப்போது எல்லாரும் காட்டும் சான்று விவியன் மேயர். சிக்காகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த அவர் எடுத்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெகட்டிவ்களில் ஒரு பகுதி, வாடகைப் பெட்டகத்திலிருந்து 2007இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியுலகம் அவரை அறியத் தொடங்கியது. 2009இல் அவர் இறந்தார். அவர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய ஏராளமான ஃபிலிம் சுருள்கள் கழுவப்படாமலேயே கிடந்தன. இன்று நாம் பார்க்கும் ‘மேயரின் படங்கள்’ பெரும்பாலும் அவருக்குப் பிறகு வேறு ஆட்கள் பொறுக்கியெடுத்துப் பிரிண்ட் போட்டவை. எந்தப் படத்தை அவர் தம்முடையது என்று நிறுத்தியிருப்பார், எதை எதன் பக்கத்தில் வைத்திருப்பார் என்பது இனி யாருக்கும் கிடைக்காது. தனிமை அவருடைய கண்ணைக் கெடுக்கவில்லை. தம் படைப்புக்குத் தாமே உருவம் கொடுக்கும் வாய்ப்பைத்தான் அது பறித்துக்கொண்டது. ஃபிராங்கின் 27,000 படங்கள் 83 ஆனதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு உதவித்தொகை விண்ணப்பக் காலத்திலிருந்தே வாக்கர் எவன்ஸ் என்ற மூத்த தோழர் துணையிருந்தார். நூல் வெளிவந்ததும் ஏசிய கூட்டமும் சக கலைஞர்கள்தான், அதற்கு முன் பார்த்துப் பேசித் துணைநின்றவரும் சக கலைஞர்தான்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை இன்று பல கலைகளில் பின்பற்றப்படுகிறது. முதலில் பார்வையாளர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்கிறார்கள். அடுத்து கலைஞர் தம் ஐயங்களைக் கேட்கிறார். பிறகு பார்வையாளர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். அபிப்பிராயம் வருவது கடைசியில்தான், அதுவும் கலைஞர் அனுமதித்தால் மட்டுமே. 1952இல் தொடங்கிய ‘அபெர்ச்சர்’ இதழின் ஆசிரியர் மைனர் ஒயிட், மாணவர்களை ஒரே படத்தின் முன் நெடுநேரம் அமைதியாக உட்காரவைத்த பிறகே பேசவிட்டார். இரண்டுக்கும் சாரம் ஒன்றே: தீர்ப்பைத் தள்ளிப்போடுவது. பிரான்ஸின் ஆர்ல் நகரில் 1970இலும் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1986இலும் தொடங்கிய ஒளிப்பட விழாக்கள், கலைஞர் தம் படத்தொகுதியை மேசையில் விரித்து வல்லுநர் ஒருவரோடு உட்கார்ந்து பேசும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பின. டாக்காவின் ‘சோபி மேளா’, அங்கோர் விழாப் பயிலரங்கு, 2016இல் தொடங்கிய, ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் சென்னை ஒளிப்பட விழா என அந்த வழக்கம் நம் பக்கமும் வந்திருக்கிறது. மேசையில் தொகுதியாக விரிப்பதில் பெரிய நன்மை உண்டு. தனிப்படம் பாராட்டைத்தான் கேட்கும். இருபது பிரிண்ட்களை வரிசையாக வைத்தால், மூன்றாவதும் பதினொன்றாவதும் ஒன்றையே சொல்கின்றன, நடுவில் மனிதர்களே காணாமல் போய்விடுகிறார்கள் என்பது போன்ற உண்மைகள் தாமாக வெளிவரும். கைபேசித் திரையில் எல்லாம் ஒரே அளவாய்ப் பளபளக்கும். காகிதத்தில் நிழலின் ஆழமும் படத்தின் அளவும் கேள்விக்கு உட்படும். இத்தகைய சந்திப்புகளில் பல கட்டணம் கேட்பவை என்பதும், ஒருவருக்கு இருபது நிமிடம் போலத்தான் கிடைக்கும் என்பதும் குறைகளே. அதே வேலையை நான்கு நண்பர்கள் ஒரு தேநீர் செலவில் செய்துகொள்ளலாம்.

சக கலைஞர்களின் கண்ணுக்கு எட்டாத ஓர் இடமும் உண்டு. ஒளியைப் பார்த்துப் பழகிய கண், படத்திலிருக்கும் மனிதரைக் கடந்துபோய்விடும். முதியவர் முகத்தில் விழுந்த பக்கவாட்டு ஒளியை நால்வரும் வியந்து பேசும்போது, அவர் சம்மதித்தாரா, இந்தக் கோலத்தில் தன்னைப் பிறர் பார்ப்பதை விரும்புவாரா என்று கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை. டோமொனின் வாசகர்கள் சறுக்கியதும் இங்கேதான். இந்தக் கேள்விக்கு விடை தரத் தகுதியானவர் படத்தில் இருப்பவர் ஒருவரே. பிரிண்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதும் கருத்துரை கேட்பதில் சேர்ந்ததுதான்.

நம் கழகங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது மதிப்பெண் இல்லாமல் நடத்துங்கள். எடுத்தவர் பெயரைச் சொல்லாமல், ஒருவரின் பத்துப் பன்னிரண்டு பிரிண்ட்களை மேசையில் வையுங்கள். சில நிமிடங்கள் யாரும் பேச வேண்டாம். பிறகு ஆளுக்கொரு தாளில் கண்டதை எழுதட்டும், எழுதி முடித்த பின்பே வாய்திறந்து பேசட்டும், அதிலும் வயதில் இளையவர் முதலில் பேசட்டும். ஓவியம் பயில்பவர் ஒருவரையும், கேமராவே தொடாத ஒருவரையும் அழைத்து உட்காரவையுங்கள். படத்தைக் கொண்டுவருபவரும் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘உங்கள் கண் முதலில் எங்கே போனது, எங்கே நின்றது, இங்கே என்ன நடப்பதாகத் தோன்றுகிறது’ என்று கேட்கட்டும். ஓராண்டு இப்படி நடத்திப் பார்த்துவிட்டு, உறுப்பினர்களின் ஆண்டுக் கண்காட்சியை முந்தைய ஆண்டின் கண்காட்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.